பழைய சுவிட்சுகளையும் பிளக் பாயின்ட்டுகளையும் நாமே மாற்றலாமா?

கேள்வி: பழையவீட்டுக்காரர்
எங்கள் வீடு 1982இல் கட்டப்பட்டது. மரப்பெட்டியின் மேல் பதித்த பேக்கலைட் சுவிட்சுகளில் சில, போடும்போதே பொறி தட்டுகின்றன. கூடத்திலுள்ள இரண்டு துளை பிளக் பாயின்ட்டில் சார்ஜர் நிற்பதில்லை. சுவரை உடைக்காமல் இவற்றை மட்டும் நானே மாற்ற எண்ணுகிறேன். சட்டம் இதை அனுமதிக்கிறதா? வீட்டில் இன்வெர்ட்டரும் உண்டு.

மறுமொழி: மின்பணியாளர்
ஐயா, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் மின்பணி செய்ய வேண்டும் என்று கூறும் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியே, இணைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத வகையில் விளக்கு, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு விலக்கு அளித்தது; 2010இல் வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் அந்த விலக்கைத் தொடர்ந்தன. ஆகவே 5 ஆம்பியர் சுவிட்சைக் கழற்றிவிட்டு 6 ஆம்பியர் சுவிட்சைப் பொருத்தலாம். ஆனால் விளக்குக்குப் போன மெல்லிய வயரிலேயே 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டை வைத்து, ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் 2000 வாட் கீசரை மாட்டுவது அந்த விலக்கில் அடங்காது, வயரும் தாங்காது.

மெயினை அணைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் உடனே வேலை செய்யத் தொடங்கி, அதன் லைனில் 230 வோல்ட்டைத் தந்துகொண்டிருக்கும். அதை அணைத்து, வெளியே போகும் இணைப்பையும் பிரித்துவிட்டு, வேலை செய்கிற டெஸ்டர்தானா என்று முன்னதாகவே வேறோர் இடத்தில் உறுதிசெய்துகொண்டு, பெட்டிக்குள் ஒவ்வொரு முனையையும் அந்த டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர்
ஒன்று சேர்க்கிறேன். பழைய பெட்டிகளில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குத் தொடராக இணைத்து, லூப் செய்யப்பட்டிருக்கும் என்பதால், கழற்றுமுன் படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. அலுமினிய வயராக இருந்தால் இரண்டு முறை வளைத்தாலே ஒடிந்துவிடும். அத்தகைய வீட்டில் நான் கைவைக்கவே சொல்ல மாட்டேன்.

இரண்டு துளை இருந்த இடத்திற்கு எர்த் வயர் பெரும்பாலும் வந்திருக்காது. அங்கே மூன்று துளை பாயின்ட்டை வைத்து, எர்த் துளையை நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரோடு) இணைத்துவிடும் வழக்கம் மிக ஆபத்தானது, ஏனெனில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பிலேயே மின்சாரம் நிற்கும்.

பழையவீட்டுக்காரர்
நன்றி. இன்று சோதித்தபோது ஒரு விளக்கின் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டதா?

மறுமொழி: மின்பணியாளர்
விளக்கு அணைகிறது என்றால் சுவிட்ச் நன்றாகவே இருக்கிறது; அது ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கிறது. மூன்று துளை பாயின்ட்டுகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள்: நேரே நின்று பார்க்கையில் வலப்புறம் ஃபேஸ் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இடப்புறம் டெஸ்டர் எரிந்தால், ஃபேஸும் நியூட்ரலும் மெயினிலேயே மாறியிருக்கின்றன. அதை உரிமம் பெற்றவரே சரிசெய்யட்டும். அதுவரை பல்பைக்கூட மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்தே மாற்றுங்கள். அவர் வரும்போது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள்.