சுங்கை சிப்புட்டில் பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அவசரம்

திருச்சி அம்மா: வணக்கம். மலேசியாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள்தானாம். அவர்களோடு சேர்ந்தால் பையன் படிப்பு இறங்கிவிடுமா? தூக்கமே வரவில்லை, யாராவது சொல்லுங்கள்.

குளுவாங் அண்ணன்: பள்ளி இருக்கட்டும் தங்கச்சி, வீடு கிடைத்ததா? நான் 2009இல் வந்தபோது மூன்று மாதம் ஒரு கடை மாடியில் கிடந்தேன். மெத்தை கிடையாது. இடி இடித்தால் கரண்ட் போய்விடும். இட்லி மாவுக்குப் பஸ் ஏற வேண்டும். அதையெல்லாம் பார்த்தால் உங்களுடையது ஒரு கவலையா?

லயத்துக்காரி: 'தோட்டத்துப் பிள்ளைகளோடு' என்று எழுதினீர்களே, சுருக்கென்றது அக்கா. நானும் அதில் ஒருத்தி. அம்மா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்விடுவார். தம்பியைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கு ஓடுவேன். ரிப்போர்ட் கார்டில் அம்மாவின் கைநாட்டுதான். பால்கறை காய்ந்த அந்த ரேகை இன்னும் அட்டையில் இருக்கிறது. படிக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. கணக்கு புரியாவிட்டால் கேட்க லயத்தில், அதாவது எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆள் இல்லை, அவ்வளவுதான். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவே வாத்தியார்.

ஓய்வு வாத்தியார்: இது பழைய கதை. 1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள், பல இடங்களில் ஒரு கொட்டகை, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியோ கிராணியோ வாத்தியார். அடுத்த தலைமுறையும் பால் வெட்டினால் போதும் என்ற கணக்கு. அமெரிக்காவில் 1966இல் கோல்மன் குழு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, பள்ளியின் வசதியைவிட வீட்டுப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டி வருகிறது என்றது. நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறது, பையன் இறங்கமாட்டான்.

ஈப்போ அக்கா: சார் பாதியை விட்டுவிட்டார். கூடப் படிக்கிற பிள்ளைகள் யார் என்பதும் முக்கியம் என்று அதே அறிக்கைதான் சொன்னது. நான் மகளை மலாய் வழித் தேசியப் பள்ளிக்கு மாற்றினேன், வருத்தமில்லை.

குளுவாங் அண்ணன்: எந்தப் பள்ளியானால் என்ன, டியூஷன் இல்லாமல் ஓடுமா? என் மகன் போன இடத்தில் ஒரே அறையில் நாற்பது பேர். ஏர்கோன் ஓடாது. காசு மட்டும் ஒன்றாம் தேதி டாண் என்று.

ஈப்போ அக்கா: இங்கேயும் அதே கதைதான் அண்ணே. இரண்டு பிள்ளைக்குக் கட்டினால் மீன் வாங்கக் காசு மிஞ்சாது. காசில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

லயத்துக்காரி: டியூஷனை அப்புறம் திட்டலாம். அக்கா, பையனுக்கு என்ன வயது, இங்கே தங்க என்ன பாஸ் (அனுமதி) என்றே சொல்லவில்லையே. குடியுரிமை இல்லாத பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க அனுமதி வேண்டும். பாஸ், கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பிறப்புப் பத்திரத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியில் பாடம் தமிழில் என்பதால் பையன் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். மலாயை மட்டும் இன்றே தொடங்குங்கள். ஆறாம் ஆண்டு முடியும்போது அது போதாவிட்டால் இடைநிலைப் பள்ளிப் படிப்புக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போய்விடும். பக்கத்தில் இருக்கிற தோட்டத்துப் பையன் ஒருவனைச் சாயங்காலம் உங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடுங்கள். அவன் மலாய் சொல்லித் தரட்டும், நீங்கள் அவனுக்குக் கணக்கு சொல்லித் தாருங்கள். என் காலத்தில் எனக்கு இல்லாதது அந்த மேசைதான்.

திருச்சி அம்மா: மனசு புண்பட்டிருந்தால் மன்னியுங்கள் தங்கச்சி. அவனுக்கு வயது 10. பாஸா? நானும் அவனும் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று வந்தோம். மீதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார் கணவர்.

லயத்துக்காரி: மூன்று வாரம் போய்விட்டதே! பள்ளி அப்புறம். குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் பாஸுக்கு மனு போட்டாயிற்றா என்று நாளைக் காலையிலேயே அவரை ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள். அவர் பாஸ் எந்த வகை என்றும் கேளுங்கள். எல்லா வகைக்கும் குடும்பத்தைக் கூட்டி வர விடமாட்டார்கள்.