பிரீபயாட்டிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

உணவுக்கும் பெருங்குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். புரோபயாட்டிக் என்பது நாம் விழுங்குகிற உயிருள்ள நுண்ணுயிர். பிரீபயாட்டிக் என்பது ஏற்கெனவே குடலில் குடியிருப்பவற்றுக்கு நாம் போடுகிற சாப்பாடு. இனுலின் என்ற நார்ச்சத்து மாதிரி, நம் நொதிகளால் உடைக்க முடியாமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்வது. ஒலிபெயர்த்து எழுதினால் எனக்கே இரண்டு இடத்தில் மாறிவிட்டது. பழைய வரைவில் 'முன்னுயிரி' என்று இருக்கிறது. சரியா?

---

> பழைய வரைவில் 'முன்னுயிரி'

வேண்டாம். உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதியியலுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், முன்னுயிரி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். 1995-ல் கிப்சன், ரோபர்ஃப்ரோய்டு என்ற ஆய்வாளர்கள் பிரீபயாட்டிக் என்ற சொல்லைப் படைத்தபோது எழுதிய வரையறையில் செரிக்காத உணவு, பெருங்குடல், பாக்டீரியா எல்லாம் உண்டு. சொல்லில் அதில் ஒன்றுகூட இல்லை. எனவே சொல்லை விட்டுவிட்டு வரையறையைத் தமிழாக்குவோம்.

ஊண் என்றால் உணவு. நுண் + ஊண் = நுண்ணூண். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

---

ஐயா, புணர்ச்சி அழகுதான். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நுண்ணூன் என்றுதான் காதில் விழும். ஊன் என்றால் இறைச்சி! இதுவோ நார்ச்சத்துச் சங்கதி. 2014-ல் வந்த ஓர் ஆய்வில் சிலருக்குச் சில நாள் விலங்குணவை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குள்ளேயே பித்தநீரைத் தாங்கும் பாக்டீரியா பெருகி, தாவர மாவுப்பொருள்களை உடைப்பவை குறைந்துவிட்டன. நான் நோயாளிகளிடம் நாள் முழுக்க இதைச் சொல்ல வேண்டியவள், நேர்மாறாக ஒலிக்கிற சொல் எனக்கு ஆகாது.

'நுண்ணுயிர்த்தீனி' போதும். தின் என்ற வேர்தான், தமிழ்தான். நாரை நொதிக்கவைத்து அவை தருகிற பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். தீனி போட்டுப் பால் கறக்கிற கதைதான்.

---

தீனி மாட்டுக்கு. குடல் என்ன கொட்டகையா? 'இரை' இருக்கிறதே, இரைப்பை என்று உடலுக்குள் எப்போதோ குடியேறிய சொல். அப்புறம், எல்லோரும் கூசாமல் பாக்டீரியா என்று எழுதுகிறீர்கள். கிரேக்கத்தில் அதற்குச் சிறு குச்சி என்று பொருள், குச்சுயிரி என்றால் என்ன குறைந்துவிடும்?

---

உருண்டையாக இருப்பவை கோபித்துக்கொள்ளும்.

குடல் பாக்டீரியாவுக்கான 'ஃபுளோரா' என்ற ஆங்கிலப் பெயரைத் தனித்தமிழ் ஆர்வத்தில் 'குடல் தாவரங்கள்' என்று எழுதி, ஒருமுறை என் வகுப்புக்கு வாசித்தேன். பாக்டீரியாவைத் தாவரங்களோடு சேர்த்து வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. விழுங்கிய விதை முளைத்துவிட்டதா என்று ஒரு மாணவி கேட்டாள். இரை என்றாலும் இதே தொல்லைதான்: இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து போனால்தான் அது பிரீபயாட்டிக்.

---

தீனியைப் பற்றியே பேசுகிறோமே, தின்கிற கூட்டத்துக்குப் பெயர் வேண்டாமா? 38 லட்சம் கோடி என்கிறார்கள், நம் உடலின் சொந்தச் செல்கள் அளவுக்கு. தொகை என்றால் உருபு தொக்கதா, ரொக்கமா என்று குழப்பம் வரும். குடற்றிணை! முதற்பொருள் பெருங்குடல், தொல்காப்பியர் கருப்பொருளில் உணவையும் சேர்த்திருக்கிறார்.

---

உரிப்பொருள் வயிற்றுப்பொருமலா?

---

வியாழன் இரவு ஆகிவிட்டது. தீனிக்கு ஐந்து பேர், இரைக்கு இருவர், ஊணுக்கு ஒருவர். நுண்ணுயிர்த்தீனி என்றே போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பிரீபயாட்டிக் என்றும் சேர்த்துவிட்டேன். புரோபயாட்டிக் அப்படியே இருக்கிறது, அதைத் தொட எனக்குத் தெம்பில்லை. குடற்றிணையை அடுத்த கையேட்டில் பார்ப்போம்.

---

> ஊணுக்கு ஒருவர்

அந்த ஒருவர் இன்னும் மாறவில்லை என்று குறித்துக்கொள்ளவும். ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துச் சொல்ல வராததற்கு என் சொல் என்ன செய்யும்?