பூங்கா புதுப்பிப்பு: எல்லார் கருத்தையும் எப்படி வாங்குவது?

தென்சென்னைவாசி:
எங்கள் தெரு சிறுவர் பூங்காவைப் புதுப்பிக்க மாநகராட்சியில் மதிப்பீடு போடுகிறார்களாம். நலச்சங்கக் கூட்டம் வைத்தால் வருவதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான், அவர்கள் கேட்பது நடைபாதையும் பெஞ்சும். விளையாடப் போகிற பிள்ளைகளின் குரலை எப்படிச் சேர்ப்பது?

வேப்பமரம்:
கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்களே பூங்காவுக்குப் போங்கள். தரையில் சாக்பீஸால் பூங்காவை வரைந்து, எந்த இடத்துக்குப் போக மாட்டாய், ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். "என்ன வேண்டும்" என்று கேட்டால் எல்லாரும் ஊஞ்சல் என்றுதான் சொல்வார்கள்! தகரச் சறுக்கு மே மாதத்தில் தோசைக்கல்லாகச் சுடுகிறது, பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது சின்னப் பெண்கள் உள்ளேயே வருவதில்லை, இதெல்லாம் அப்படித்தான் வெளியே வரும்.

வார்டு_கவனிப்பான்:
சரிதான், ஆனால் டெண்டர் விடுவதற்குள் செய்யுங்கள், அப்புறம் ஒன்றும் மாறாது. 2022 முதல் ஏரியா சபை (வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம்) இருக்கிறதே, அதில் எழுத்தில் கொடுத்து கவுன்சிலரிடம் கையெழுத்தோடு நகல் வாங்குங்கள். அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்தில் போனால் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் தர வேண்டும். அதில் ஒரு சிக்கல், காசு போட்டவர் சொல்வதே சட்டமாகிவிடும்.

தென்சென்னைவாசி:
நன்றி. பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளை எங்கள் சங்கத்தில் சிலர் "வெளியாள்" என்கிறார்கள், அதற்கு என்ன செய்ய?

வேப்பமரம்:
மாநகராட்சிப் பூங்காவில் வெளியாள் யார் சார்? அந்தக் குடியிருப்பு அம்மாக்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.