விசுவாச விசாரணை ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, 1947-இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் கொண்டுவந்த, அரசு ஊழியர்கள் நாட்டுக்கு விசுவாசமானவர்களா என்று விசாரிக்கும் விசுவாசச் சோதனைத் திட்டம் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்யூனிஸ்ட் வேட்டையால் பெயர்பெற்ற செனட்டர் மெக்கார்த்தியைப் பற்றி நிறையவே கிடைக்கிறது. ஆனால் அவர் 1950-இல் பிரபலமாவதற்கு முன்பே சாதாரண அரசு ஊழியர்கள் வேலை இழக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வேண்டியது அவர்கள் கதைதான்.

டோரதி பெய்லி என்று ஒரு பெண். வாஷிங்டனில் அரசு வேலைவாய்ப்புத் துறையில் இருந்தவர். கம்யூனிஸ்ட் என்று யாரோ எஃப்.பி.ஐ.யிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று அவருக்குச் சொல்லவில்லை. விசாரித்த குழுவுக்கே தெரியாது! கறுப்பினத்தவர் ரத்தத்தைத் தனியாகப் பிரித்து வைப்பது பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினீர்களா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. வேலை போனது. 1951-இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு எனப் பிரிந்ததால், பணிநீக்கம் செல்லும் என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்துவிட்டது.

இதுபோன்ற விசாரணைகளின் முழு எழுத்துப்பதிவுகளை இணையத்தில் படிக்க வழி உண்டா? அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிய அனுபவம் இருந்தால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லுங்கள். அப்புறம், அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகளில் இதைப் பற்றி எதாவது வந்திருந்தால் அதுவும் பெரிய உதவியாக இருக்கும்.