கலைச்சொல்: ஸ்டார்ட்டரின் சிறு நாக்குக்குத் ‘தடைநா’ பொருந்துமா?

வணக்கம்.

பழைய சங்கிலி ரம்பங்களுக்கான பழுதுநீக்கக் கையேட்டில், கயிற்றை இழுக்கும்போது ஃபிளைவீலை (எஞ்சின் தண்டிலுள்ள கனமான சக்கரத்தை) சுழல வைக்கும் சிறு உலோக நாக்குக்குத் ‘தடைநா’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. pawl என்ற ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தால் ‘பால்’ என்றாகும். “இரண்டு பாலையும் கழற்றித் துடைக்கவும்” என்று அச்சிட முடியாது. பட்டறையில் சொல்லும் ‘ராட்செட்’டும் போதாது. நாக்கும் ராட்செட், அது மாட்டும் பல்வட்டும் ராட்செட் என்றால் உதிரிபாகம் கேட்கும்போதே குழப்பம் வரும். தமிழ்ச்சொல் வேண்டும், ஆனால் தடைநா வேண்டாம் என்பது என் கருத்து.

பளு தூக்கும் வின்ச்சில் பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் நிறுத்துவது தடைநா. அங்கே சொல் கச்சிதம். ரம்பத்தின் ஸ்டார்ட்டரில் இந்த நாக்கு எதையும் தடுப்பதில்லை. பற்றி இழுக்கிறது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விட்டு விலகுகிறது. 1963-இல் வந்த ஹோம்லைட் எக்ஸ்எல்-12 ரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்குகள் ஃபிளைவீலில் இருக்கின்றன. ஸ்பிரிங் அவற்றை உள்நோக்கித் தள்ளி, கயிற்றுக் கப்பியோடு சேர்ந்த பல்வட்டில் பதிய வைக்கிறது. வேகம் கூடியதும் மையவிலக்கு விசை வெளியே வீசிவிடுகிறது. ‘தடை’ என்று படித்தவர், பின்சுழற்சியை நிறுத்தும் திசையில் அதைத் திருப்பி மாட்ட வாய்ப்புண்டு. அப்படி மாட்டினால் நுனி பல்லில் பிடிக்காது, கயிறு சும்மா சுற்றும்.

என் பரிந்துரை: பற்றுநா.

---

> என் பரிந்துரை: பற்றுநா.

உடன்படுகிறேன். ஆனால் விளக்கத்தில் ‘ஃபிளைவீலில் உள்ள’ என்று எழுதிவிடாதீர்கள். ஸ்டில் 028 போன்ற ரம்பங்களில் பற்றுநா கயிற்றுக் கப்பியில் இருக்கிறது, வேலை செய்யும் விதமும் நேரெதிர். அங்கே அதை வெளியே தள்ளுவது ஒரு கம்பிக்கவ்வி. அது நடுத்தண்டை இறுக்கிப் பிடித்திருப்பதால், கப்பி சுழலும்போது பின்தங்குகிறது. நாவின் முளை அந்தக் கம்பியின் வளைவுக்குள் இருப்பதால் நா வெளியே நீள்கிறது. கயிறு திரும்பும்போது உள்ளே மடங்குகிறது. முளையைக் கம்பிக்கு வெளியே விட்டு மூடினால் நா அசையவே அசையாது. கம்பியின் பிடி தளர்ந்துபோனாலும் அதே கதிதான். வளைத்துச் சரிசெய்வதைவிடப் புதிதாகப் போடுவது நல்லது.

ஃபிளைவீல் வகையில் வேறு தொல்லை. நா சுழலும் திருகாணிக்குத் திருகுப்பசை (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடும்போது, நடுத்தர வலிமையுள்ள நீலப் பசையில் ஒரு சிறு சொட்டு போதும், அதுவும் மரையில் மட்டும். கூடுதலாகப் போட்டால் பசை நாவின் துளைக்குள் வழிந்து இறுகும். ஸ்பிரிங்கின் ஒரு கால் ஃபிளைவீலில் ஊன்ற வேண்டும், மறு கால் நாவின் முதுகில். திருகை முடுக்கிய பின் விரலால் நாவை வெளியே தள்ளி விடுங்கள். டக்கென்று உள்ளே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உடனே கழற்றுங்கள், பசை காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கிரீஸ் பூசவே கூடாது, மரத்தூள் அப்பி நா ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: எக்ஸ்எல்-12-இல் பிளாட்டினம் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்தொடர்பைத் துண்டிக்கும் பாகம்) ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கிறது. அதன் இடைவெளியை 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மி.மீ. வைத்த பிறகே ஃபிளைவீலை ஏற்றுங்கள். பற்றுநா வேலையெல்லாம் முடிந்து பாயிண்ட் நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

---

> ஃபிளைவீலில் உள்ள’ என்று எழுதிவிடாதீர்கள்

சரியான எச்சரிக்கை. சொல் செயலைக் குறிக்கட்டும், இருப்பிடத்தை விளக்கம் சொல்லட்டும்.

இதோடு சேர்த்து, கயிற்றைத் திரும்ப உள்ளிழுக்கும் தட்டைச் சுருளுக்கு ‘மீள்சுருள்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘திரும்பு சுருள்வில்’ நீளம், கையேட்டின் படத்தில் அம்புக்குறியோரம் அடங்காது. இதை மாட்டும் இடத்தில்தான் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், ஆகவே அளவைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். கயிற்றை முழுதாக வெளியே இழுத்த நிலையில் கப்பியை இன்னும் அரைச் சுற்றாவது கையால் சுற்ற முடிய வேண்டும். முடியாவிட்டால் முறுக்கு அதிகம். ஒவ்வொரு இழுப்பிலும் சுருளின் கடைசிக் கொக்கி அடிவாங்கி ஒருநாள் முறியும். கயிற்றை விட்டதும் கைப்பிடி உறையில் ஒட்டி நிற்காமல் தொங்கினால் முறுக்குக் குறைவு, ஒரு சுற்று கூட்டலாம். சுருளின் விளிம்பு தோலைக் கிழிக்கும், வெளியே தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடச் சொல்லும் வரி படத்துக்கு மேலேயே வரட்டும்.

உறையை மூடும் படிக்குப் பற்றுநா என்ற சொல் நன்றாகவே உதவுகிறது. நான் எழுதிப் பார்த்தது:

“உறையை ரம்பத்தின் மேல் பொருத்தி, கயிற்றை ஒரு சாண் மெதுவாக இழுக்கவும். பற்றுநாக்கள் பல்வட்டில் பதிவது கையில் தெரியும். உறை முழுதாக உட்காரும். அதன் பிறகே திருகுகளை முடுக்கவும். உறை ஒரு பக்கம் தூக்கி நின்றால் நா பல்வட்டின் விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறது. திருகை இறுக்கி இழுத்து உட்கார வைத்தால் நா வளையும், உறையும் விரிசல் விடும்.”

சொற்பட்டியலுக்கு:

பற்றுநா – ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கப்படும்போது ஃபிளைவீலையும் கயிற்றுக் கப்பியையும் இணைத்து, எஞ்சின் ஓடியதும் விலகும் நாக்கு. ஃபிளைவீலிலோ கப்பியிலோ அமையலாம்.

தடைநா – பற்சக்கரம் பின்சுழலாமல் நிறுத்தும் நாக்கு. வின்ச், ஜாக்கி ஆகியவற்றுக்கு மட்டும்.

‘பல்வட்டு’ பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள். சில ரம்பங்களில் அது கிண்ண வடிவில் உட்பக்கம் பல்லோடு இருப்பதால் ‘பற்கிண்ணம்’ என்றும் தோன்றுகிறது. எனக்கு இரண்டில் எதுவானாலும் சம்மதமே, கையேடு முழுக்க ஒன்றே வர வேண்டும்.