கண்ணைக் கட்டி நடந்தால் பார்வையின்மை புரிந்துவிடுமா?

வகுப்பாசிரியை:
ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவர்களின் கண்ணைத் துணியால் கட்டி நடக்கச் சொல்வதும், காதில் பஞ்சடைத்துப் பாடம் கேட்கச் சொல்வதும் பயனுள்ளவை என்றே கருதுகிறேன். பிறர் படும் சிரமத்தைச் சிறிதும் உணராத குழந்தையிடம் பரிவை எதிர்பார்க்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 8ஆம் பிரிவும், இளவயது முதலே எல்லாக் குழந்தைகளிடமும் அவ்வுரிமைகள் மீதான மதிப்பை வளர்க்கச் சொல்கிறது.

பார்வையற்ற வாசகர்:
அம்மா, அதே பிரிவை வைத்தே மறுக்கிறேன். அது கேட்பது உரிமைகளின் மீது மதிப்பு. இப்பயிற்சி வளர்ப்பதோ இரக்கம். கண்ணைக் கட்டிய குழந்தைக்குத் தெரியவருவது, பார்வையை இழந்த முதல் சில நிமிடங்களின் திகைப்பு மட்டுமே. மேசையில் இடித்துக்கொண்டு, கட்டை அவிழ்த்ததும் "நல்லவேளை, எனக்குக் கண் தெரிகிறது" என்று அது பெருமூச்சு விடும். ஆறு புள்ளிப் பிரெயிலை விரல்நுனியால் வரிவரியாக வாசிப்பதும், வெள்ளைக்கோலை இடவலமாக வீசி அடுத்த அடிக்கான தரையை அறிந்துகொள்வதும் நான் ஆண்டுக்கணக்கில் பழகிய திறன்கள். அவற்றில் எதையும் அந்தத் துணிக்கட்டு காட்டாது.

வகுப்பாசிரியை:
திறனைக் காட்டாது என்பது சரிதான். ஆனால், எதுவும் சொல்லித்தராமல் விட்டால் கேலிதான் மிஞ்சுகிறது. திக்கிப் பேசும் சிறுவன் வாசிக்க எழும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்புகிறது. சேர்ந்து படித்தாலே போதும் என்பதை நான் நம்பவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் நட்பு தானாக வந்துவிடாது.

செவித்திறன் குறைந்த மாணவியின் தந்தை:
அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சம நிலை, பொது இலக்கு, கூட்டுழைப்பு, பொறுப்பிலுள்ளோரின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் ஒருவரோடு ஒருவர் பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954ஆம் ஆண்டிலேயே எழுதினார். குழுப்பணியில் என் மகளுக்கு எப்போதும் வண்ணம் தீட்டும் வேலையே ஒதுக்கப்படுகிறது என்றால், அங்கே சம நிலை எங்கே இருக்கிறது? மாற்றம் ஆசிரியரிடமிருந்தே தொடங்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்தினால் அவளால் உதட்டசைவைப் படிக்க முடியாது. ஓர் ஆசிரியர் எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசத் தொடங்கியபின், தோழிகளும் அவள் தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேசப் பழகிவிட்டார்கள். அதற்கென்று தனி வகுப்பு எதுவும் நடக்கவில்லை.

பார்வையற்ற வாசகர்:
திக்கிப் பேசும் மாணவனிடம் முதலில் தனியாகக் கேளுங்கள். அவன் சம்மதித்தால், அவன் சொல்லை இடையில் எடுத்து முடிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளையும் விடத்தான் வேண்டும் என்பதில்லை; எங்களில் ஒருவரை அழைத்துப் பேசவிடுங்கள், குழந்தைகள் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்காதீர்கள்.

வகுப்பாசிரியை:
அழைக்கிறேன், ஐயா; கண்கட்டும் வேண்டாம். சக்கர நாற்காலிப் பயிற்சியை மட்டும் கைவிட மாட்டேன். உட்கார்ந்து இரக்கப்படுவதற்காக அன்று; பள்ளி முழுவதும் தள்ளிக்கொண்டு போய், எந்தப் படியில், எந்தக் கழிப்பறை வாசலில் அது நின்றுவிடுகிறது என்று மாணவர்களே குறித்துத் தலைமையாசிரியரிடம் கொடுப்பதற்காக.