ஆர்ச் இருக்கட்டும், ஃபிசிக்ஸ் வாத்தியார் எங்கே?

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் நம் ஊர்ச் சங்கத்தின் சென்னைக் கிளைக் கூட்டம் நடந்தது. வந்தது பதினான்கு பேர், அதில் மூன்று பேர் மருமகன்கள். நம் ஊர் அரசுப் பள்ளிக்கூட வாசலில் ஆர்ச் கட்டி, பணம் கொடுத்தவர்கள் பெயரைக் கருங்கல்லில் வெட்டலாம் என்று பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களுக்கு அரைகுறையாகச் செய்தி வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

ஊரில் பெரியவர்களுக்கு அது இன்னும் 'போர்டு ஸ்கூல்'தான். ஜில்லா போர்டு ஒழிந்து எத்தனையோ காலமாகியும் பெயர் மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால், பி.யு.சி. என்கிற ஒரு வருஷப் புகுமுக வகுப்புக்கு டவுன் காலேஜுக்குப் போக வேண்டும். பையன்கள் போனார்கள். என் அத்தை எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றார். 1978ல் பிளஸ் டூ வந்த பிறகுதான் அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்தது. நம் பள்ளிக்கு உடனே கிடைத்துவிடவில்லை. தரம் உயர்த்த ஊர் மக்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும். அறுப்பு முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு வசூல் நடந்தது. காசில்லாதவர்கள் நெல்லாக அளந்தார்கள். அப்பா நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு கூடவே அலைந்தார். அத்தைக்குக் கிடைக்காதது என் தங்கைக்கு உள்ளூரிலேயே கிடைத்தது.

சத்துணவைச் சொல்லாமல் போனால் எங்கள் செட் கோபித்துக்கொள்ளும். காமராஜர் 1956ல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவாக விரித்தார். 1984ல் அது உயர்நிலை வகுப்புக்கும் வந்தது. 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. முட்டை போடுகிற அன்று காய்ச்சல்காரன்கூட லீவு போட மாட்டான்!

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் ஆறிலிருந்து பத்து வரை நம் பள்ளியில்தான் படித்தாள். பத்தாவதில் நல்ல மார்க். உடனே கடன் வாங்கி, பக்கத்து மாவட்டத்தில் ஹாஸ்டல் உள்ள ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டார் அண்ணன். இரண்டு வருஷம் கழித்து, என்ஜினீயரிங் கவுன்சலிங் சமயத்தில் எனக்குப் போன் செய்தார். "தம்பி, ஏழரை பர்சென்ட்ல பாப்பாவுக்கு வருமாடா?"

வராது. அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. மருத்துவத்துக்கு 2020லும் என்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021லும் வந்தது. அதில் என்ஜினீயரிங் சீட் கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் காலேஜ் முடியும் வரை மாதம் ஆயிரம் ரூபாய் வருவதும் போயிற்று. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள். பையன்களுக்கு 2024ல் தமிழ்ப் புதல்வன் வந்தது. அண்ணனுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிக்கிறவன்தானே நான்.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. நம் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறது. பாடம் நடத்த ஆளில்லாத பள்ளியில் பிள்ளையை விட்டுவை என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் ஆர்ச்சுக்கு எடுத்துவைக்கும் பணத்தில், அரசு ஆள் போடும் வரை ஒரு தற்காலிக ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்போம் என்கிறேன். பணத்தை நாமே கையில் கொடுத்தால் பின்னால் பேச்சு வரும், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவே போகட்டும். அப்புறம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் முன் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து இந்த ஏழரைக் கணக்கை விளக்க வேண்டும். நான் ஊருக்குப் போகிறேன். இதில் சீட் வாங்கிப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கூட அனுப்புங்கள், என் பேச்சை விட அது எடுபடும்.

ஆர்ச்தான் வேண்டும் என்கிறவர்கள் இங்கேயே எழுதுங்கள், சண்டை போடுவோம். தனியாகப் போன் செய்து அண்ணியிடம் புகார் சொல்ல வேண்டாம்.